பாலூ தம்பி: துள்ளும் தடித்த எழுத்துருவைத் தலைப்புகளில் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழில் தலைப்பு எழுத்து என்பது நெடுங்காலம் கைவேலையாகவே இருந்தது. தேர்தல் நேரத்துச் சுவர் எழுத்தும், திரைப்படப் பெயரும், மளிகைக் கடையின் தகரப் பலகையும் தூரிகை பிடித்த ஓவியர்கள் வளர்த்தவை. ஃப்ளெக்ஸ் பேனர் வந்தபின் அந்தக் கைகள் பல ஓய்ந்துவிட்டன. கணினியில் நமக்குக் கிடைத்த எழுத்துருக்களில் பெரும்பாலானவை பத்தி எழுதப் பிறந்தவை. அவற்றையே இழுத்து நீட்டி, நிழல் கொடுத்து, தலைப்பாக்கிப் பழகிவிட்டோம். குழந்தைகளுக்கான நிகழ்ச்சிக்கும் வங்கி அறிவிப்புக்கும் ஒரே முகம் என்றானது அப்படித்தான்.

இந்த நிலையில் எனக்கு மிகவும் பிடித்த எழுத்துரு பாலூ தம்பி. தடித்தது, உருண்டது, கையால் வரைந்தது போன்ற கலகலப்பு உடையது, இலவசமாகக் கிடைப்பது. ஆனால் இதைச் சும்மா தேர்ந்தெடுத்துத் தட்டச்சு செய்தால் போதாது. தடித்த தமிழ் எழுத்தில் கண் படிப்பது கறுப்பை அன்று, கறுப்புக்குள் மிஞ்சியிருக்கும் வெள்ளையை. கீழே சொல்லும் படிகள் எல்லாமே அந்த வெள்ளையைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

எடுத்துக்காட்டாக ஓர் ஊர்ப்புற நூலகத்தின் கோடை வாசிப்பு முகாமுக்கு ஏ3 அளவில் (297 × 420 மி.மீ.) ஒரு சுவரொட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம்.

எழுத்துருவை அறிந்துகொள்ளுங்கள்

பாலூ என்பது மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் குழுவின் எழுத்துருக் குடும்பம். பெயர் கரடியுடையது, வடிவமும் அப்படியே, பருத்த உடலும் மழுங்கிய முனைகளுமாக இருக்கும். தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். முக்கிய இந்திய எழுத்துமுறை ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு உண்டு, தேவநாகரி தவிர மற்றவற்றின் பெயரில் அந்தந்த மொழியின் உறவுச்சொல் சேர்ந்திருக்கிறது: தமிழுக்குத் தம்பி, மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, கன்னடத்துக்குத் தம்மா, குஜராத்திக்குப் பாய். இதில் நடைமுறைப் பயன் ஒன்று இருக்கிறது. பெங்களூரில் கன்னடமும் தமிழும் சேர்ந்த பலகை வைக்க வேண்டுமென்றால், இரண்டும் ஒரே கையால் எழுதியது போல அமையும். ஆங்கில எழுத்துகள் எல்லாக் கோப்புகளிலும் உள்ளன.

முதலில் வந்த பாலூ தம்பியில் ஒரே தடிமன்தான். பின்னர் வந்த பாலூ தம்பி 2-இல் 400, 500, 600, 700, 800 என ஐந்து தடிமன்கள் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் சொல்வதெல்லாம் இரண்டாவதைப் பற்றியே. முதல் பதிப்பை ஏற்கெனவே நிறுவி வைத்திருப்பவர்கள் பட்டியலில் பெயரைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள்.

கோப்பும் உரிமமும்

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் பெயரைத் தேடிப் பதிவிறக்கினால் ஒரு ஜிப் கோப்பு வரும். அதில் தடிமனை விருப்பப்படி நகர்த்தக்கூடிய வேரியபிள் கோப்பு ஒன்றும், ஸ்டாட்டிக் என்ற அடைவில் ஒவ்வொரு தடிமனுக்கும் தனிக் கோப்பும் இருக்கும். வேர்டு, லிப்ரேஆபிஸ் போன்றவற்றில் வேலை செய்பவர்கள் ஸ்டாட்டிக் கோப்புகளை நிறுவுவதே நல்லது. விண்டோஸில் கோப்பை வலச்சொடுக்கி ‘இன்ஸ்டால்’, மேக்கில் இருமுறை சொடுக்கி ஃபான்ட் புக் வழியே நிறுவலாம். கைப்பேசியில் பிக்சல்லேப் பயன்படுத்துபவர்கள் எழுத்துருக் கோப்பை ஓர் அடைவில் வைத்து, செயலிக்குள் அந்த அடைவைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

உரிமம் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ். கடைப் பலகை, விற்பனைக்கான டி-சர்ட், புத்தக அட்டை, நிறுவனச் சின்னம் எதற்கும் பணம் கட்டாமல் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியே விலைக்கு விற்கக் கூடாது; மாற்றியமைத்து வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ஜிப்பில் வரும் உரிமக் கோப்பை அழிக்காமல் வேலையோடு சேர்த்து வையுங்கள். பதிப்பகமோ நிறுவனமோ ஒருநாள் கேட்கும்போது தேடி அலைய வேண்டியிருக்காது.

மென்பொருளைத் தமிழுக்குத் தயார்செய்யுங்கள்

யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்து க-வுக்குப் பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் பொறுப்பு. ‘கொ’ என்றால் கொம்பை முன்னும் துணைக்காலைப் பின்னும் பிரித்து வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யத் தெரியாத அமைப்பில் தட்டச்சு செய்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், புள்ளி தனியே நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று பலர் தூக்கி எறிவது இதனால்தான்.

இங்க்ஸ்கேப், ஜிம்ப், லிப்ரேஆபிஸ் மூன்றும் தமிழைத் தாமாகவே சரியாக அடுக்குகின்றன. அடோபி மென்பொருள்கள் பலவற்றில் நாம்தான் சொல்ல வேண்டும். ஃபோட்டோஷாப்பின் முந்தைய பதிப்புகளில் விருப்பங்களில் ‘டைப்’ பகுதிக்குப் போய் வேர்ல்டு-ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழையவற்றில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்று இருக்கும். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் பட்டியலில் வேர்ல்டு-ரெடி கம்போஸர் உண்டு. இல்லஸ்ட்ரேட்டரில் விருப்பங்களின் ‘டைப்’ பகுதியில் இண்டிக் தெரிவுகளைக் காட்டச் சொல்லிவிட்டு, பிறகு பத்திப் பலகத்தில் மாற்றுங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ‘கொக்கு’, ‘நௌகா’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’, ‘டீ’, ‘ஞூ’ என்று அடித்துப் பாருங்கள். ஆறும் ஒழுங்காக வந்தால் மற்றவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம்.

வாடிக்கையாளர் தரும் உரை பாமினி போன்ற பழைய குறியேற்றத்தில் இருந்தால் பாலூ தம்பிக்கு மாற்றியதும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறிவிடும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றி கொண்டு முதலில் யூனிகோடாக்குங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஔகாரமும் கிரந்த எழுத்துகளும்தான் வழக்கமாகத் தவறும்.

சொல்லைக் குறையுங்கள்

இந்தப் படிக்கு நான் கொடுக்கும் நேரம் மற்ற எல்லாப் படிகளையும் விட அதிகம். தமிழ்ச் சொல் நீளமானது. வேற்றுமை உருபும் சாரியையும் எண்ணும் ஒரே சொல்லுக்குள் ஏறிக்கொள்ளும். நூலகம் தரும் வாசகம் இப்படி இருக்கும்: ‘பள்ளி மாணவர்களுக்கான கோடைகாலச் சிறப்பு வாசிப்புப் பயிற்சி முகாம்’. இதை 800 தடிமனில் ஏ3 தாளில் அடுக்கினால் நான்கு வரிகள் போகும், எழுத்து சிறுக்கும், கண்ணிகள் (எழுத்தின் வளைவுகளுக்குள் இருக்கும் வெள்ளை இடங்கள்) அடைபடும். எழுத்துருவின் துள்ளல் எங்கும் தெரியாது.

ஆகவே வாசகத்தை இரண்டாகப் பிரியுங்கள். அழைப்பது ஒன்று, அறிவிப்பது ஒன்று. அழைப்புக்கு மட்டும் பாலூ தம்பி: ‘வா, வாசிப்போம்!’ அறிவிப்பு முழுவதும் கீழே வேறு எழுத்துருவில் அடக்கமாக வரட்டும். அழைப்பு இரண்டு அல்லது மூன்று சொற்களைத் தாண்டக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. நூலகரோ தலைமையாசிரியரோ ‘முழுப் பெயரும் பெரிதாக வர வேண்டும்’ என்று கேட்டால், இரண்டு வடிவங்களையும் அச்செடுத்துச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்துகளின் உருவத்தையும் பாருங்கள். ப, வ, ட, ம, ச போன்றவை திறந்த வடிவம் உடையவை, எவ்வளவு தடித்தாலும் மூச்சு விடும். இ, ஜ, ஞ, ண, ஷ ஆகியவற்றில் சுழிகள் அதிகம், தடிக்கத் தடிக்க உள்ளிடம் சுருங்கும். ‘வா, வாசிப்போம்’ இந்த எழுத்துருவுக்கு மிகப் பொருத்தமான வாசகம். ‘இளைஞர் இணைவோம்’ என்றால் அதே அளவில் கொஞ்சம் மூச்சுத் திணறும். அங்கே ஒரு படி மெல்லிய தடிமனுக்கு இறங்குங்கள்.

இடம் போதவில்லை என்று ஒற்றை விட்டுவிடாதீர்கள். ‘தமிழ்ப் புத்தகக் கடை’ என்பதை ‘தமிழ் புத்தக கடை’ என்று எழுதினால் இரண்டு எழுத்து மிச்சமாகும்தான். ஆனால் ஒரு முழச் சுவரொட்டியில் விடுபட்ட ஒற்று, பத்தியில் விடுபட்டதைவிடப் பல மடங்கு உறுத்தும். படிப்பவர்கள் குழந்தைகள் என்றால் அந்தப் பிழை அவர்கள் கண்ணில் பதிந்தும் போகும். வரி உடையும் இடத்திலும் ஒற்று அப்படியே முதல் வரியின் முடிவில் நிற்கட்டும்.

தடிமனும் அளவும்

அச்சுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. 36 புள்ளி (பாயின்ட்) அளவுக்கு மேல் 800. 24 முதல் 36 வரை 700. அதற்குக் கீழே 18 வரை 600. அதைவிடச் சிறிதாக வேண்டும் என்றால் இந்த எழுத்துருவை விட்டுவிடுங்கள். 400 தடிமன் இருக்கிறதே, பத்திக்குப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். இரண்டு வரிக்கு அழகாகவே இருக்கும். பத்து வரி போனால் உருண்ட முனைகளே கண்ணை இழுத்துக்கொண்டிருக்கும், பொருள் பின்னால் போய்விடும்.

சுவரொட்டிக்கும் பலகைக்கும் தூரம்தான் அளவைத் தீர்மானிக்கிறது. பலகைத் தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு, பத்தடிக்கு ஓர் அங்குல எழுத்து. அதாவது 3 மீட்டருக்குச் சுமார் 25 மி.மீ. அது எளிய ஆங்கில வடிவங்களை மனத்தில் வைத்த கணக்கு. தமிழுக்கு நான் இன்னும் கால் பங்கு கூட்டிக்கொள்வேன். அளக்கும்போது மேல்விலங்கையும் கீழிறங்கும் வாலையும் சேர்க்காமல் ‘ப’-வின் உயரத்தை மட்டும் அளவிடுங்கள்.

800 தடிமனைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதன் மேல் வேர்டில் ‘பி’ பொத்தானையும் அழுத்துவது பரவலான பழக்கம். அப்போது மென்பொருள் தானாகவே இன்னொரு தடிப்பை ஏற்றும். அது வடிவமைப்பாளர் வரைந்தது அன்று. ண-வின் சுழிகள் அந்த இடத்திலேயே மூடிக்கொள்ளும். அகலவாட்டில் இழுப்பதும் அப்படித்தான்: நெடுக்குக் கோடு தடித்து, படுக்கைக் கோடு அதன் பக்கத்தில் மெலிந்து தெரிந்து, உருண்டை முனைகள் முட்டை வடிவாகிவிடும்.

வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்து

பாலூ தம்பியின் இயல்பான வரி உயரம் தாராளமானது. தலைப்பை இரண்டு வரியாக்கினால் நடுவில் பெரிய இடைவெளி விழும், இரண்டும் ஒரே வாசகம் என்ற உணர்வு போய்விடும். எழுத்தின் அளவைப் போல 1.1 மடங்கு வரை இறக்கிப் பாருங்கள். இறக்கும்போது மோதும் இடங்களைத் தேடுங்கள். மேல் வரியில் ழ, ற, ர, கு, மு போன்றவற்றின் வால் கீழே இறங்கும். கீழ் வரியில் புள்ளியும் மேல்விலங்கும் மேலே எழும். ‘ழு’-வின் வாலுக்கு நேர் கீழே ‘கீ’ வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்போது வரி இடைவெளியைக் கூட்டாதீர்கள். கீழ் வரியைச் சிறிது இடமாகவோ வலமாகவோ நகர்த்தினால் வால் புள்ளிகளுக்கு நடுவே இறங்கிக்கொள்ளும். கைவேலைப் பலகைகளில் ஓவியர்கள் செய்ததும் இதுவே. இரண்டு வரிகள் பல்சக்கரம் போலப் பொருந்தும்போது கிடைக்கும் அடர்த்தி மிக அழகானது.

எழுத்துகளுக்கு இடையே செயற்கையாக இடைவெளி கூட்டுவதைத் தவிருங்கள். சில வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பும் துணைக்காலும் தனித்தனி வடிவமாகக் கருதப்படுவதால் ‘போ’ மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும். படிப்பவர் எதை எதோடு சேர்ப்பது என்று தடுமாறுவார். சற்றே நெருக்குவது பரவாயில்லை.

துள்ளலைக் கூட்டுவது

இந்த எழுத்துருவை எடுப்பதே விளையாட்டுத்தனத்துக்காக. அதைக் கையால் இன்னும் கூட்டலாம். முதலில் உரையின் ஒரு நகலைத் திருத்தக்கூடிய நிலையில் மறைத்து வையுங்கள். மற்றொன்றை வெளிக்கோடுகளாக, அதாவது தட்டச்சு உரையாக இல்லாமல் வெறும் வடிவங்களாக, மாற்றுங்கள். இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’, இல்லஸ்ட்ரேட்டரில் ‘கிரியேட் அவுட்லைன்ஸ்’.

இப்போது எழுத்து ஒவ்வொன்றையும் ஒரு குழுவாகக் கட்டுங்கள். ‘வா’ இரண்டு வடிவம், ஒரு குழு. ‘போ’ மூன்று வடிவம், ஒரு குழு. ‘ம்’ என்றால் எழுத்தும் அதன் புள்ளியும் சேர்ந்து ஒரு குழு. இதைச் செய்யாமல் நகர்த்தத் தொடங்கினால் எங்கோ ஒரு புள்ளி பின்தங்கிவிடும், ‘வாசிப்போம்’ ‘வாசிப்போம’ ஆகிவிடும்.

குழுக்களை ஒன்றுவிட்டு ஒன்று மேலும் கீழுமாக நகர்த்துங்கள். எழுத்து உயரத்தில் இருபதில் ஒரு பங்கு போதும். சாய்வு இரண்டு மூன்று பாகைக்குள் இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே அளவு ஆட்டினால் இயந்திரத்தனமாகத் தெரியும். முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் ஏறத்தாழ நேராக நிறுத்தி, நடுவில் உள்ளவற்றை ஆடவிட்டால் சொல் உடையாது.

ஒரே ஓர் எழுத்தில் ஒரே ஒரு குறும்பு செய்யுங்கள். புள்ளியைச் சூரியனாக்கலாம், துணைக்காலைப் பென்சிலாக்கலாம், ழ-வின் வாலை நீட்டி அடுத்த சொல்லுக்குக் கீழே ஊஞ்சலாக விடலாம். நூலகச் சுவரொட்டியில் ‘வா’-வின் துணைக்கால் நிமிர்த்தி வைத்த புத்தக முதுகாக மாற இடம் இருக்கிறது. பழமைச் சாயல் வேண்டுமென்றால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்கள் உண்டு: லை, னை, ணை, ளை ஆகியவற்றில் முன்னால் துதிக்கை போல வளையும் கோடு, றா, னா, ணா ஆகியவற்றில் கீழே சுழித்து ஏறும் வடிவம். வெளிக்கோட்டில் அந்தத் துதிக்கையை நீங்களே வரைந்து சேர்க்கலாம். இனிப்புக் கடைக்கும் உணவகத்துக்கும் அது பொருந்தும். குழந்தைகளுக்கான சுவரொட்டியில் வேண்டாம். அவர்கள் பள்ளியில் படிக்கும் வடிவமே இருக்கட்டும்.

நிறமும் வெளிக்கோடும்

தட்டையான ஒரே நிறம் இதற்கு மிக அழகாகப் பொருந்துகிறது. நிறமாற்றம், பளபளப்பு, முப்பரிமாணப் புடைப்பு எல்லாம் வடிவத்தின் மேல் இன்னொரு சத்தத்தை ஏற்றுகின்றன. மஞ்சள் தாளில் கருநீலம், வெள்ளையில் செங்கல் சிவப்பு போன்ற இரட்டைகள் தொலைவிலும் நிற்கும்.

ஒளிப்படத்தின் மேல் எழுத்து வர வேண்டுமானால் எழுத்தைச் சுற்றி வேறு நிறத்தில் ஒரு வெளிக்கோடு தேவைப்படும், குறிப்பாக யூடியூப் முகப்புப் படங்களில். கோடு எழுத்துக்கு வெளிப்புறம் மட்டும் வளர வேண்டும். நடுவில் வைத்தால் பாதித் தடிமன் உள்ளே போய்க் கண்ணிகளை அடைக்கும். வேரியபிள் கோப்பில் வெளிக்கோடு போடும்போது எழுத்தின் உள்ளே சில இடங்களில் தேவையற்ற குறுக்குக் கோடுகள் தெரியலாம். எழுத்தின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுதான் காரணம். ஸ்டாட்டிக் கோப்புக்கு மாறுங்கள், அல்லது எழுத்தை வடிவங்களாக மாற்றியபின் ‘யுனைட்’ அல்லது ‘யூனியன்’ கட்டளையால் ஒன்றாக்குங்கள்.

துணைக்கு யார்

அறிவிப்புப் பகுதிக்கு என் முதல் தேர்வு முக்தா மலர். அதுவும் ஏக் டைப்பின் வெளியீடு, ஏழு தடிமன்கள் உண்டு, சிறிய அளவிலும் தெளிவு. நோட்டோ சான்ஸ் தமிழும் நன்றாகவே சேரும். கதைப் புத்தகத்தின் உட்பக்கங்களில் நோட்டோ செரிஃப் தமிழ் வைத்தால் தலைப்பின் கலகலப்பும் பத்தியின் அமைதியும் நன்றாக எடுபடும். கவிவாணர் போன்ற கையெழுத்து எழுத்துரு தனியாக மிக அழகு. ஆனால் பாலூ தம்பியோடு சேர்த்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கவனம் கேட்கும்.

ஆங்கிலப் பெயர் இடையில் வந்தால் முழுவதும் பெரிய எழுத்தில் அடிக்காதீர்கள். தமிழுக்குப் பக்கத்தில் அது கத்துவது போலிருக்கும். பத்தில் ஒரு பங்கு அளவைக் குறைத்தால் சமமாகும்.

எங்கே வைக்கலாம், எங்கே கூடாது

சிறுவர் புத்தக அட்டை, நூலக அறிவிப்பு, பொம்மைப் பெட்டி, பழச்சாறுக் கடை, பள்ளி ஆண்டுவிழா, துணிப்பை, ஸ்டிக்கர் எல்லாம் இதன் சொந்த ஊர். தின்பண்டப் பொட்டலத்தில் பெயருக்கு வையுங்கள். சேர்பொருள் பட்டியல், ஒவ்வாமை எச்சரிக்கை, காலாவதித் தேதி ஆகியவற்றுக்கு வைக்காதீர்கள். அவை சிறிய அளவில் தெளிவாகப் படிக்கப்பட வேண்டியவை. கண்ணீர் அஞ்சலிக்கும், மருத்துவமனை வழிகாட்டிப் பலகைக்கும், சட்ட அறிவிப்புக்கும் இது வேண்டாம். துக்கத்திலிருப்பவர் முன் துள்ளும் எழுத்தை நிறுத்துவது மரியாதையாகாது.

இணையத்தில்

கூகுள் ஃபான்ட்ஸ் தரும் இணைப்பைப் பக்கத்தில் சேர்த்தால் தமிழ்ப் பகுதி, லத்தீன் பகுதி என்று தேவையானதை மட்டும் உலாவி இறக்கிக்கொள்ளும். பயன்படுத்தும் தடிமன்களை மட்டும் கேளுங்கள். பொத்தான்களில் எழுத்து நடுவில் நிற்காமல் ஏறியோ இறங்கியோ தெரிந்தால் அந்தத் தாராளமான வரி உயரம்தான் காரணம். வரி உயரத்தை நீங்களே குறிப்பிட்டு, மேல் கீழ் இடைவெளியைச் சரிசெய்யுங்கள்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்

பிரிண்டிங் கடையில் உங்கள் எழுத்துரு இருக்காது. திருத்தக்கூடிய கோப்பை அப்படியே கொடுத்தால் அவர்கள் கணினி வேறு எழுத்துருவைப் போட்டுவிடும், கொம்புகள் இடம் மாறும். எழுத்துகளை வெளிக்கோடாக்கிய பிடிஎஃப் கொடுங்கள். தேதியையோ தொலைபேசி எண்ணையோ கடைசி நேரத்தில் மாற்ற வேண்டியிருந்தால் நீங்களே மூலக் கோப்பில் மாற்றி மறுபடி அனுப்புங்கள்.

டி-சர்ட்டுக்கோ துணிப்பைக்கோ ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் மை துணியில் சற்றுப் பரவும். 800-இல் வைத்திருந்த தலைப்பை 700-க்கு இறக்கி, ண, ஞ, இ உள்ள இடங்களை உருப்பெருக்கிப் பாருங்கள். கடைக்காரரிடம் அந்தத் துணியில் எவ்வளவு மெல்லிய இடைவெளி நிற்கும் என்று கேளுங்கள், அதைவிடச் சிறிய கண்ணிகளை வெளிக்கோட்டில் சற்றே அகலப்படுத்துங்கள்.

கடைசியாக, சுவரொட்டியைக் கறுப்பு வெள்ளையில் ஏ4 தாளில் அச்செடுத்து, வாசகம் தெரியாத ஒருவரிடம் அறையின் மறுமுனையிலிருந்து காட்டுங்கள். முதல் பார்வையிலேயே படித்துவிட்டால் அச்சுக்கு அனுப்பலாம். எந்த எழுத்தில் தயங்குகிறார் என்று கவனித்து, அந்த எழுத்தின் வெள்ளையை மட்டும் சரிசெய்துவிட்டு மறுபடி காட்டுங்கள்.